சர்ச்சுக்குப் போகாத கிறிஸ்தவர்கள்: யாழ்ப்பாணம், 1658

போன வாரம் வந்த மெசேஜ்களில் ஒன்று என்னை விடவே இல்லை. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் ஒருத்தர் அனுப்பியிருந்தார். "நான் தினமும் ஜெபிக்கிறேன், பைபிள் வாசிக்கிறேன். ஆனா ரெண்டு வருஷமா சர்ச்சுக்குப் போகல. வீட்ல 'அப்படின்னா நீ கிறிஸ்தவனே இல்ல'ங்கறாங்க. வரலாற்றுல இதுக்கு ஏதாவது பதில் இருக்கா?"

நான் இறையியல் படித்தவன் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு கோட் எழுதுகிறவன். திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பம். இப்போது வேலை பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வரும். "கோயிலுக்குப் போனியாடா?" எங்கள் ஊர்ப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் புதுசு இல்லை.

பைபிளில் இதற்கு என்ன பதில் என்று உங்கள் பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ கேளுங்கள். எபிரெயர் 10:25ஐ எடுத்துக் காட்டுவார்கள், பதிலுக்கு நீங்கள் மத்தேயு 18:20ஐக் காட்டலாம், சாயங்காலம் வரைக்கும் போகும். நான் வரலாற்றுப் பக்கம் போகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை ஒரு ஊரே வாழ்ந்து பார்த்திருக்கிறது. அதுவும் இரண்டு திசையிலிருந்தும், ஒரே காலத்தில். சர்ச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்களும், அதே தெருவில் தங்கள் சர்ச்சுக்குப் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்த ஊர் யாழ்ப்பாணம்.

கொஞ்சம் பின்னணி வேண்டும். 1619இல் போர்த்துகீசியர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த சில வருடங்களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். ஊருக்கு ஊர் கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. அதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பயம் நிறையவே இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இதை மூடிவிட்டு மேலே போனால் கதை நேர்மையாக இருக்காது. நான் பேசப்போகிற மக்களின் தாத்தா பாட்டிகளில் பல பேர் துப்பாக்கியின் நிழலில்தான் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்.

1658 ஜூனில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கால்வின் வழி வந்த சீர்திருத்த சபைக்காரர்கள். கத்தோலிக்கக் குருமார்களை நாடுகடத்தினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள். ஏன் இவ்வளவு கடுமை? போர்த்துகல் மேல் விசுவாசம் உள்ளவன் கத்தோலிக்கன், கத்தோலிக்கன் என்றால் உளவாளி, இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. மதமும் பாதுகாப்புத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்த காலம்.

கட்டடங்களை அவர்கள் இடிக்கவில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று போர்த்துகீசியர்கள் கட்டிவிட்டுப் போன கோயில்களையே சுத்தம் செய்து, சுரூபங்களை எடுத்துவிட்டு, தங்கள் ஆராதனையை அதில் நடத்தினார்கள். ஆக, ஞாயிற்றுக்கிழமை அதே கட்டடத்தில் அதே மக்கள்தான். உள்ளே நடப்பது மட்டும் வேறு.

இந்த டச்சு சிஸ்டத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எனக்கு இதில் தொழில்முறை ஆர்வம் உண்டு, இது அடிப்படையில் ஒரு டேட்டாபேஸ். ஒவ்வொரு ஊரிலும் கோயிலோடு ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூட ஆசிரியரிடம் தோம்பு என்ற பதிவேடு. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அதில் ஏறும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அபராதம். ஆராதனைக்கு வராவிட்டால் அபராதம். என் அம்மா போன் பண்ணிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார், அபராதம் போடுவதில்லை!

ஆனால் உண்மையான பிடி அபராதத்தில் இல்லை, நிலத்தில் இருந்தது. தோம்பில் பெயர் இருந்தால்தான் உங்கள் கல்யாணம் சட்டப்படி கல்யாணம். அப்போதுதான் பிள்ளைக்குச் சொத்து போகும். முதலியார் போன்ற அரசாங்கப் பதவி வேண்டுமென்றால் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும். இப்போது நீங்களே சொல்லுங்கள், யார் போகாமல் இருப்பார்கள்? சைவர்களும் போனார்கள், கத்தோலிக்கர்களும் போனார்கள். பெயர் கொடுத்தார்கள், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றவைத்தார்கள், வீட்டுக்கு வந்து விளக்கேற்றினார்கள் அல்லது ஜெபமாலை சொன்னார்கள்.

1658இல் படையோடு வந்த பல்தேயஸ் என்ற டச்சுப் போதகர் யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தார். பிறகு 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். கோயில்களின் படங்கள்கூட அதில் உண்டு. அவர் தரும் கணக்குப்படி யாழ்ப்பாணப் பகுதியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் அசுர வளர்ச்சி. ஆனால் மனுஷன் நேர்மையானவர். இவர்களில் நிறையப் பேர் பெயரளவில்தான் கிறிஸ்தவர்கள், பழைய பழக்கம் எதையும் விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்தப் பெயர் விஷயத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. இன்றைக்கு இருக்கும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734இல் கட்டியவர் டச்சுக் கச்சேரியில் காசாளர் வேலை பார்த்த ரகுநாத மாப்பாண முதலியார். அவர் பெயருக்கு முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது தெரியுமா? டொன் ஜுவான். டொன் ஜுவான் ரகுநாத மாப்பாண முதலியார் முருகனுக்குக் கோயில் கட்டினார். ஒரு பெயரிலேயே அந்த நூற்றாண்டு முழுக்க இருக்கிறது.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். கத்தோலிக்கர்களாகவே இருக்க நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

1658லிருந்து 1687 வரைக்கும், ஏறத்தாழ 29 வருடம், அவர்களுக்கு நிரந்தரமாக ஒரு குருவானவர் கிடையாது. பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது. 1658இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 1687இல் நாலைந்து பிள்ளைகள் இருந்திருக்கும். ஒரு பூசையைக்கூடப் பார்க்காமலேயே அவள் அம்மா ஆகியிருப்பாள். சில குடும்பங்கள் காட்டுக்குள் போனார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 வாக்கில் வன்னிக் காட்டுக்குள் ஓடி மருதமடுவில் தங்கியதாகத்தான் மடு மாதா கோயிலின் மரபு சொல்கிறது. மற்றவர்கள் ஊரிலேயே இருந்து, வீட்டுக்குள் கூடினார்கள்.

அவர்கள் கையில் என்ன இருந்தது? மனப்பாடமாகத் தெரிந்த தமிழ் ஜெபங்கள் இருந்தன. இதற்கு நூறு வருடக் கதை உண்டு. 1540களில் முத்துக்குளித்துறையில் வேலை செய்த பிரான்சிஸ் சவேரியார், தான் ஒரே ஆள், ஊர்களோ நிறைய என்று கண்டுகொண்டார். ஊருக்கு ஊர் ஜெபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவரையே பொறுப்பாக வைத்துவிட்டு நகர்ந்தார். கணக்கப்பிள்ளை என்று அவருக்குப் பெயர். குரு வரும்வரை கணக்கப்பிள்ளைதான் எல்லாம். பிறகு 1578இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 'தம்பிரான் வணக்கம்' அச்சடித்தார். தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று, உள்ளே இருப்பது அடிப்படை ஜெபமும் போதனையும்தான். இதோடு, ஆபத்து நேரத்தில் குரு இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கத்தோலிக்க சபையே அனுமதிக்கிறது. சர்வர் கீழே போனாலும் லோக்கலில் ஓடுகிற அளவுக்கு ஒரு காப்பி அவர்களிடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1687இல் ஒரு பிச்சைக்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கோவாவில் பெனாலிம் ஊரைச் சேர்ந்த ஜோசப் வாஸ், 36 வயது, குருவானவர். கொங்கணி பேசுகிறவர், தமிழ் கற்றுக்கொண்டு வந்தார். தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறினார், கூலியாள் வேஷம். வந்தவுடனேயே வயிற்றுப்போக்கில் விழுந்து சாகக் கிடந்தார், யாரோ ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வரும்.

அவருக்கு முன்னால் இருந்தது ஒரு வினோதமான பிரச்சினை. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரும் சொல்ல மாட்டார்கள். தோம்பில் எல்லோரும் சீர்திருத்த சபை. வாஸ் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சை போட வருகிறவர்களின் கண் அந்த ஜெபமாலையில் நிற்கிறதா என்று பார்த்தார். அப்படித்தான் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தார், அங்கிருந்து இன்னொன்று. கடைசியில் சில்லாலை என்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஊர் கிட்டத்தட்ட முழுக்க அப்படியே இருந்தது. இரண்டு வருடம்போல அங்கிருந்தபடி, ராத்திரிகளில் ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்தார்.

1689 கிறிஸ்துமஸ் ராத்திரி. பூசைக்காக வீடுகளில் கூடியிருந்தவர்கள் மேல் டச்சுப் படை பாய்ந்தது. சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். வாஸ் தப்பிவிட்டார். ஆண்களில் சிலருக்குக் கசையடி, கோட்டையில் கடின உழைப்புத் தண்டனை. டொன் பேதுரு என்பவர் அடிபட்டே இறந்தார். அவர் சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்கரானவர், அதனால் அவருக்கு அடி அதிகம்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். ஒரு கிறிஸ்தவ அரசாங்கம், இயேசு பிறந்த ராத்திரியில், கிறிஸ்தவர்கள் ஜெபம் செய்ய ஒன்றுகூடியதற்காகக் கைது செய்கிறது. அதே அரசாங்கம் மறு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்று அபராதமும் போடும். நான் வளர்ந்தது புரொட்டஸ்டன்ட் பக்கம். இந்தக் கதையில் எங்கள் ஆட்கள் நல்லவர்கள் இல்லை.

வாஸ் அதன்பிறகு புத்தளம் போய், அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். முதலில் போர்த்துகீசிய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சுதந்திரமாக வேலை செய்ய விட்டார். கிறிஸ்தவக் கம்பெனிக்குப் பயந்த கிறிஸ்தவர்களுக்கு பௌத்த ராஜா அடைக்கலம். வாஸ் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இதெல்லாம் கூகுளில் கிடைக்கும், நான் வேகமாகத் தாண்டுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் விட்டுப்போன ஏற்பாடுதான்.

கோவாவிலிருந்து வந்த குருமார்கள் சில பேர், தீவு பெரியது. ஒரு ஊருக்கு வருடத்துக்கு ஒருமுறை குரு வந்தாலே அதிர்ஷ்டம். அதனால் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பொறுப்புகளை ஏற்படுத்தினார். மூப்பு என்பவர் ஊர்க் கத்தோலிக்கர்களின் தலைவர், காரியங்களைப் பார்ப்பார். அண்ணாவி என்பவர் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பார், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். சவேரியாரின் கணக்கப்பிள்ளை மாதிரியேதான். அண்ணாவி என்ற சொல் இன்றைக்கும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. நாட்டுக்கூத்தைப் பழக்கி மேடையேற்றுகிறவரை அண்ணாவியார் என்பார்கள்.

வாஸுக்குப் பிறகு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் இந்த அண்ணாவிகளுக்கு வேண்டிய புத்தகங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தள்ளினார். இயேசுவின் பாடுகளைப் பற்றிய அவருடைய 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்தில் இன்றும் ஊர்களில் ராகத்தோடு வாசிக்கப்படுகிறது. குரு இல்லாமலேயே ஒரு ஊர் தவக்காலத்தை நடத்த அந்த ஒரு புத்தகம் போதும்.

இப்போது இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஆச்சரியம் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைப்பு. டச்சுக்காரர்களுக்கும் போதகர்கள் பற்றாக்குறைதான், ஊரில் சபையை நடத்தியது பள்ளிக்கூட ஆசிரியர். இங்கே ஆசிரியர், அங்கே அண்ணாவி. இருவரும் உள்ளூர்த் தமிழர்கள், இருவரும் ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள். டச்சு சபை உழைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பள்ளிகள் நடத்தினார்கள், குருமடம் வைத்தார்கள். பிலிப் தெ மெல்லோ என்ற தமிழ்ப் போதகர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை 1759இல் கொழும்பில் அச்சடித்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். ஆசிரியர் கையில் தோம்பு இருந்தது, அவர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அண்ணாவி அந்த முப்பது நாற்பது குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒருவர் வருகிறாயா என்று எண்ணினார். மற்றவர் நீ வராவிட்டால் வீடு தேடி வந்தார்.

1795இல் பிரிட்டிஷ்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கட்டாயம் போனது. பதினொரு வருடம் கழித்து, 1806இல், கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் அங்கே போனார். பல்தேயஸின் புத்தகத்தில் படம் பார்த்த அந்த அழகான கோயில்கள் பெரும்பாலும் இடிந்து கிடந்தன. ஆயிரக்கணக்கில் இருந்ததாகச் சொல்லப்பட்ட புரொட்டஸ்டன்டுகள் இல்லை. யாழ்ப்பாண நகரில் அவர் கண்ட ஒரே புரொட்டஸ்டன்ட் பிரசங்கி, தரங்கம்பாடி மிஷன் அனுப்பிய கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர். அவரும் நம்ம பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர். 137 வருட அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் பத்துப் பதினைந்து வருடத்தில் காலி. புக்கானனுக்கு இன்னும் எரிச்சல் தந்த விஷயம், கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமார்கள் ஊருக்குள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அதே 1806இல் கத்தோலிக்கர்கள் மேலிருந்த சட்டத் தடைகளை பிரிட்டிஷ் அரசு நீக்கியது. ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள், அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பத்து வருடம் கழித்து வந்த அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அந்தப் பாழடைந்த கோயில்களையே கூரை போட்டு எடுத்துக்கொண்டார்கள். போர்த்துகீசியர், டச்சு, அமெரிக்கர் என்று மூன்று கை மாறியும் சுவர் மட்டும் அப்படியே நின்றது.

இப்போது மெசேஜ் அனுப்பிய நண்பருக்கு வருகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "பார்த்தீங்களா, சர்ச்சுக்குப் போகாமலேயே விசுவாசம் நிற்கும்" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சில்லாலைக்காரர்கள் சர்ச் வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை. ஒரு பூசைக்காகக் கசையடி வாங்கத் தயாராக இருந்தவர்கள். அவர்களால் போக முடியவில்லை, உங்களுக்குப் போக வேண்டாம் என்றிருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. அந்த 29 வருடத்தில் எத்தனை குடும்பங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு ஜெபமாலையைப் பார்த்ததும் கண் நிற்காத வீடுகளும் நிறைய இருந்திருக்கும்.

ஆனால் உங்கள் வீட்டாருக்கும் இந்தக் கதையில் ஆறுதல் இல்லை. ஞாயிறு தவறாமல் போய், பெயர் கொடுத்து, அபராதம் கட்டாமல் வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் சபைதான் காணாமல் போனது. போவதை விசுவாசத்தின் அளவுகோலாக வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம்.

நம் மொழியில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கோயில், ஆலயம் என்றால் கட்டடம். சபை என்றால் ஆட்கள். சர்ச் என்ற சொல் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது, அதனால்தான் நம் சண்டை இவ்வளவு குழம்புகிறது. ஒளிந்திருந்தவர்களுக்குக் கோயில் இல்லை, குரு இல்லை. சபை ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை. தனியாக, ரூமில், இயர்போன் போட்டுக்கொண்டு முப்பது வருடம் நின்ற ஒரு கத்தோலிக்கரை இந்த வரலாற்றில் எனக்குக் காட்ட முடியவில்லை.

ஏன் போகவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. காரணம் பல இருக்கலாம். சபைத் தேர்தல் நடக்கும்போது போலீஸ் காவல் நின்ற கோயில் எனக்குத் தெரியும். சாதி பார்த்துப் பெண் எடுப்பவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்து ஒருத்தர் வெளியே வந்தால் அவருக்கு விசுவாசம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் சாகக் கிடந்தால் பக்கத்தில் வந்து உட்காரும் அந்த அண்ணாவி யார்? நீங்கள் யாருக்கு அண்ணாவி? பதில் இருந்தால் ஞாயிறு காலை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இல்லையென்றால் வீட்டில் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் கோயிலிலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கொழும்புப் பேராயத்தில் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையை மக்கள் டிவியில் பார்த்தார்கள். மறுபடியும் வீட்டுக்குள். கொச்சிக்கடைக் கோயில் எப்படி வந்தது என்று ஒரு மரபுக் கதை உண்டு. டச்சுக் காலத்தில் அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேஷத்தில் அங்கே ஒளிந்திருந்தாராம். கடல் கரையை அரிக்கிறது, ஜெபியுங்கள் என்று மீனவர்கள் வந்து கேட்க, அவர் மணலில் ஒரு சிலுவையை நட்டு ஜெபித்தாராம், கடல் பின்வாங்கியதாம். அந்த இடத்தில்தான் கோயில். குண்டு வெடித்த ஏழு வாரத்தில், ஜூன் 12ஆம் தேதி, அதை மறுபடியும் அர்ச்சித்துத் திறந்தார்கள்.